டேங்க்கில் மிச்சமிருக்கும் காற்று

எம்ஜிபி காரின் பின்பகுதிக்கு அடியில் படுத்துக்கொண்டு பெட்ரோல் டேங்க்கைப் பார்த்தால், பெரும்பாலும் பெரிய குறை எதுவும் கண்ணில் படாது. கறுப்புப் பெயின்ட் அங்கங்கே உரிந்திருக்கும், கல் தெறித்த தழும்புகள் இருக்கும், அவ்வளவுதான். தட்டிப் பார்த்தால் தகடு கெட்டியாகவே ஒலிக்கும். ஆனால் டேங்க்கை முழுக்க நிரப்பிய அன்று மட்டும் காரைச் சுற்றிப் பெட்ரோல் வாடை அடிக்கும். பாதி நிரப்பினால் அடிக்காது. இந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கு நன்கு பழக்கமான அறிகுறி இது. ஓட்டை டேங்க்கின் அடியில் இல்லை. அதன் தலையில் இருக்கிறது. கல் படாத, பெட்ரோல் எப்போதாவதுதான் தொடுகிற மேல்பக்கம் முதலில் துருப்பிடித்துப் போகிறது.

பெட்ரோல் டேங்க் தரும் தொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடிப் போனால், வியப்பூட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வந்து நிற்கிறோம். பெட்ரோல் அங்கே குற்றவாளி இல்லை. தகடு அரிப்பது, எரிபொருள் கெடுவது, பட்டறையில் டேங்க் வெடிப்பது, போய்க்கொண்டிருக்கும் கார் காரணமில்லாமல் நின்றுவிடுவது என எல்லாவற்றிலும் காற்றுக்குப் பங்கு உண்டு. ஒரு பழைய டேங்க்கை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றும் வேலையில் அந்தக் காற்றைத் தொடர்ந்து போவதுதான் இந்த அத்தியாயம்.

எம்ஜிபியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 அக்டோபர் வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் உருவாயின. அத்தனை பேர் ஓட்டிய இரண்டு இருக்கை விளையாட்டுக் கார் உலகில் மிகக் குறைவு. தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் உதிரி பாகங்கள் நின்றுபோகவில்லை. பழைய அச்சுக் கருவிகளைத் தேடியெடுத்து, 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்யத் தொடங்கியது. ஆகவே இந்தக் காரைப் புதுப்பிப்பவர் முன்னே எப்போதும் ஒரு கேள்வி நிற்கும்: ஒட்டுப்போடுவதா, மாற்றுவதா? டேங்க் விஷயத்தில் என் பதில் எப்போதும் மாற்றுவதுதான். ஏன் என்பதை அறிவியலே சொல்லட்டும்.

தொடக்கக் கால எம்ஜிபிகளில் பத்து கேலன் டேங்க் ஒன்றை எஃகுப் பட்டைகள் தாங்கிப் பிடித்திருந்தன. 1965இல் அது பன்னிரண்டு கேலனாக, அதாவது சுமார் 54 லிட்டராகப் பெரிதானது. விளிம்பைச் சுற்றி நட்டு போல்ட் போட்டு டிக்கியின் தரைத் தகட்டோடு நேராக இறுக்கினார்கள். தகடும் தகடும் உரசி இரைச்சல் எழாமல் இருக்க இடையில் மெத்தென்ற பட்டைகளை வைத்தார்கள். வினையே அந்தப் பட்டையில்தான் இருந்தது. டிக்கித் தரைக்கும் டேங்க்குக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத இடைவெளி. சக்கரம் வாரியடிக்கும் சேறும் நீரும் அங்கே புகுந்தால் வெளியேற வழியில்லை. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையெல்லாம் கல்லுப்பைத் தூவுவார்கள். செஷயரின் வின்ஸ்ஃபோர்ட் சுரங்கத்திலிருந்து வரும் உப்புதான் அதில் பெரும்பங்கு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரையும். மழை நின்று வாரக்கணக்கானாலும் அந்தப் பட்டை காய்வதில்லை.

இப்போது துருவின் நுணுக்கத்துக்கு வருவோம். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்ஸிஜனும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படியானால் ஆக்ஸிஜன் அதிகம் கிடைக்கும் இடத்தில்தானே அரிப்பு அதிகம் இருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. ஈரப் பட்டையின் ஓரத்தில் காற்று தாராளமாகக் கிடைக்கிறது. பட்டையின் நடுவே, தகட்டை ஒட்டி, ஆக்ஸிஜன் தீர்ந்துவிடுகிறது. ஒரே தகட்டின் இந்த இரண்டு பகுதிகளும் உப்பு நீரால் இணைக்கப்பட்ட மின்கலம் ஆகிவிடுகின்றன. ஓரத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அந்த எலக்ட்ரான்களைக் கொடுப்பதற்காக நடுப்பகுதி இரும்பு கரைகிறது. காற்று எட்டாத இடம் காற்று இருக்கும் இடத்துக்காகத் தன்னை இழக்கிறது. அதனால்தான் பட்டை ஒட்டியிருந்த தடத்தின் வடிவிலேயே டேங்க்கின் தலையில் துளைகள் வரிசையாக விழுகின்றன. பட்டைக்கு வெளியே இருக்கும் தகடு ஏமாற்றும் அளவுக்கு நன்றாக இருக்கும்.

டேங்க் செய்தவர்கள் தகட்டுக்குப் பாதுகாப்பே கொடுக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து டேங்க்குகளில் பெரும்பாலானவை ஈயமும் சிறிதளவு வெள்ளீயமும் கலந்த உலோகக் குழம்பில் முக்கியெடுத்த எஃகுத் தகட்டால் ஆனவை. ஈயம் மட்டும் இருந்தால் இரும்போடு ஒட்டாது; வெள்ளீயம் அந்த ஒட்டுதலைத் தருகிறது. மென்மையான இந்தப் பூச்சு, அச்சில் தகட்டை அழுத்தும்போது மசகுபோல உதவுகிறது. விளிம்புகளை ஈயப்பற்று வைத்து மூடுவதும் எளிது. பெட்ரோலுக்கு மிகப் பொருத்தமான பூச்சு என்றே சொல்லலாம். ஒரு குறை மட்டும் உண்டு. துத்தநாகம் பூசிய தகட்டில் கீறல் விழுந்தால், இரும்புக்கு முன் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும். ஈயப் பூச்சு அப்படி உயிர்கொடுக்காது. மூடியிருக்கும்வரை காவல்; கீறல் விழுந்தால் அந்தக் கீறலில் இரும்புதான் முதலில் கரையும். சுற்றிலும் தகடு பளிங்காக இருக்க, ஊசிமுனைத் துளை ஒன்று மட்டும் ஆழமாக இறங்கும்.

இதனால்தான் ஒரு துளை தெரிந்தால் அதை மட்டும் அடைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு துளையைச் சுற்றி, தாள்போல் மெலிந்து அடுத்த குளிர்காலத்துக்காகக் காத்திருக்கும் பல இடங்கள் இருக்கும்.

உள்பக்கத்துக்கு வருவோம். பழைய கார்களின் டேங்க் மூச்சு விடும். பாதி நிரம்பிய 54 லிட்டர் டேங்க்கில் 27 லிட்டர் காற்று இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வேறுபாடு இருந்தால், அந்தக் காற்றில் ஐந்து சதவீதம், அதாவது சுமார் 1.4 லிட்டர், ஒவ்வொரு நாளும் வெளியேறி மீண்டும் உள்ளே வருகிறது. வரும்போது ஈரத்தையும் கொண்டுவருகிறது. எவ்வளவு ஈரம்? 15 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் நீராவி இருக்கும். கணக்குப் போட்டால், உள்ளே வந்த ஈரம் அத்தனையும் டேங்க்கிலேயே தங்கினாலும் ஆண்டுக்கு ஆறேழு கிராம்தான். சிறிய அளவுதான், ஆனால் நீர் பெட்ரோலைவிடக் கனமானது, டேங்க்கின் தாழ்ந்த மூலையில் போய்க் குடியிருக்கும். முப்பது ஆண்டுகள் அசையாமல் நின்ற காரில் அந்த மூலையில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறியிருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். இந்தியாவில் இது இருபது சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் நீரோடு எளிதில் கலக்கும். பத்து சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல், 15 டிகிரி வெப்பத்தில் தன் பருமனில் அரை சதவீதம் அளவுக்கு நீரைக் கரைத்து வைத்திருக்க முடியும். 27 லிட்டரில் அது 135 மில்லி. அந்த எல்லையைத் தாண்டினால், எத்தனாலில் பெரும்பகுதி நீரைப் பிடித்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தனி அடுக்காகத் தங்கும். ஒரே குளிர்காலத்தில் காற்றின் ஈரமே இதைச் செய்துவிடும் என்று பழைய கார் வைத்திருப்போர் பலர் அஞ்சுகிறார்கள். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் அந்த அச்சம் மிகை. 135 மில்லி நீர் சேர வேண்டுமென்றால் மூடியின் ரப்பர் வளையம் கெட்டு மழைநீர் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். எத்தனாலின் உண்மையான கெடுதல் வேறு வகையானது. காலப்போக்கில் அது ஆக்ஸிஜனேற்றம் அடைந்து அசிட்டிக் அமிலமாக, அதாவது காடியின் புளிப்பைத் தரும் அதே அமிலமாக, மாறுகிறது. ஈயத்தையும் துத்தநாகத்தையும் அந்த அமிலம் சும்மா விடுவதில்லை.

எத்தனால் இல்லாத பெட்ரோலும் காற்று பட்டால் கெடும். அதிலுள்ள நிறைவுறா ஹைட்ரோகார்பன்கள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகளாகி, ஒன்றோடொன்று பிணைந்து, கடைசியில் பிசினாகின்றன. பல ஆண்டுகள் கிடந்த டேங்க்கின் மூடியைத் திறந்தால் வரும் புளித்த வார்னிஷ் வாடை அதுதான். அந்தப் பிசின் உள்சுவரில் துருத்துகள்களை ஒட்டவைத்துப் பிடித்திருக்கும். எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்க்கில் புதிய பெட்ரோலை ஊற்றியதும் பிசின் இளகி, பல ஆண்டுத் துரு ஒரே நேரத்தில் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் போகிறது. டேங்க்கின் உள்ளே ஊற்றிப் பூசும் எபாக்ஸி வகைகளிலும் பழைய பூச்சுகள் சில எத்தனாலுக்குத் தாங்காமல் உப்பி, தோல்தோலாக உரிகின்றன. உரிந்த தோல், டேங்க்கிலிருந்து பெட்ரோலை எடுக்கும் உறிஞ்சுகுழாயின் வாயில் போய் அடைத்துக்கொண்டால் அதை எடுக்க வழியே இல்லை.

இனி டேங்க்கை இறக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் வாசகர் மறக்கக் கூடாத பகுதி இதுதான்.

நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. பெட்ரோல் ஆவி எரிய வேண்டுமானால் காற்றில் அதன் அளவு சுமார் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையே இருக்க வேண்டும். அதற்குக் கீழே எரிபொருள் போதாது. மேலே ஆக்ஸிஜன் போதாது. பெட்ரோல் இருக்கும் மூடிய டேங்க்கில், சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியின் அளவு 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். எரியவிடாத அளவுக்கு அடர்த்தி. ஆனால் பெட்ரோலை வடித்துவிட்டு மூடியைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே வருகிறது, ஆவி நீர்த்துக்கொண்டே போகிறது, ஏதோ ஒரு நேரத்தில் அந்த அபாய எல்லைக்குள் நுழைகிறது. 54 லிட்டர் இடத்தை எரியத்தக்க கலவையால் நிரப்ப எவ்வளவு திரவப் பெட்ரோல் ஆவியாக வேண்டும் என்று கணக்கிட்டால் விடை சுமார் 4 மில்லியிலிருந்து 20 மில்லி வரை. ஒரு தேக்கரண்டி போதும். டேங்க்கின் மடிப்புகளிலும் துருவின் நுண்துளைகளிலும் அதைவிட அதிகமாகவே ஒளிந்திருக்கும். மூடிய கலத்தில் இத்தகைய கலவை எரியும்போது அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏழெட்டு மடங்கு உயரும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தகட்டால் அதைத் தாங்க முடியாது.

பற்றவைக்கத் தேவையான தீப்பொறியின் ஆற்றலோ ஒரு மில்லிஜூலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். நைலான் சட்டை உரசி விரல்நுனியில் நாம் உணரும் மின்பொறியில் அதைவிடப் பல மடங்கு ஆற்றல் இருக்கும். எனவே முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு பெட்ரோலை வெளியே, திறந்தவெளியில், உலோகக் கலனில் வடிப்பது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு ஊர்ந்து, காருக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழிக்குள் இறங்கித் தேங்கும். குழியுள்ள பட்டறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. பக்கத்து அறையில் எரியும் கேஸ் ஹீட்டரின் சிறு சுடர்கூடப் போதும், ஆவி அதைத் தேடிப் போய்விடும். அளவுகாட்டிக் கருவியைப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தை எஃகு உளி வைத்துத் தட்டாமல், பித்தளைக் கம்பி வைத்துத் தட்டிச் சுழற்றுவதும் இதே காரணத்தால்தான்.

பழைய டேங்க்கை வெந்நீரால் கழுவிவிட்டு வெல்டிங் செய்யலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கழுவிய உடனே முகர்ந்தால் வாடை இருக்காது. ஆனால் வெல்டிங்கின் வெப்பம் பட்டதும் துருவுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஊறியிருந்த பெட்ரோல் மீண்டும் ஆவியாகிறது. டேங்க் பழுதுபார்ப்பில் தேர்ந்தவர்கள் நீராவியால் நெடுநேரம் வேகவைத்தும், காற்றை வெளியேற்றி நைட்ரஜனோ கரியமில வாயுவோ நிரப்பியும், கருவி வைத்து அளந்தும்தான் தொடுவார்கள். வீட்டுக் கொட்டகையில் இது ஒருபோதும் வேண்டாம். புதிய டேங்க் கிடைக்கும் ஒரு காருக்காக யாரும் தம் கண்களைப் பணயம் வைக்கக் கூடாது.

புதிய டேங்க் எந்த உலோகத்தில் வாங்குவது? துத்தநாகப் பூச்சுள்ள எஃகு, பழைய தோற்றத்துக்கு நெருக்கமானது, விலையும் குறைவு. துருப்பிடிக்காத எஃகு டேங்க்கைப் பலர் ஆசையோடு வாங்குகிறார்கள். டேங்க்குக்கு அது நல்லதுதான். டிக்கித் தரைக்கு அவ்வளவு நல்லதல்ல. உப்பு நீரின் நடுவே துருப்பிடிக்காத எஃகும் சாதாரண எஃகும் தொட்டுக்கொண்டிருந்தால் கரைவது சாதாரண எஃகு. இடையில் நீரை உறிஞ்சாத ரப்பரை வைத்து, தரைத் தகட்டின் அடிப்பக்கத்துக்குப் பெயின்டும் மெழுகும் நன்றாகக் கொடுத்த பிறகே அதை ஏற்ற வேண்டும். எந்த டேங்க் ஆனாலும் மெத்தைப் பட்டையை மட்டும் பழையபடி வைக்காதீர்கள். முன்பு எத்தனையோ டேங்க்குகளைக் கொன்றது அதுதான்.

ஏற்றுவதற்கு முன் உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் குறுக்குத் தடுப்புகள் தெரியும். டேங்க்கில் காற்று இருப்பதால்தான் அவற்றுக்கு வேலை. முழுக்க நிறைந்த டேங்க்கில் திரவம் அலைவதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள தட்டையான டேங்க்கில் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பெட்ரோல் இருந்தால், அது ஒருமுறை அங்குமிங்கும் அலைய சுமார் இரண்டு விநாடிகள் ஆகும். மலைப்பாதையில் வலமும் இடமுமாக வளைவுகள் வரும் வேகத்துக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும் தாளம் அது. தாளம் ஒத்துப்போனால் அலை ஒவ்வொரு வளைவிலும் பெரிதாகும். உறிஞ்சுகுழாயின் வாய் காற்றில் நிற்கும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பும் மின்பம்பு பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். தடுப்புகள் அலையின் நீளத்தைத் துண்டாக்கி அந்தத் தாளத்தைக் கலைக்கின்றன. மலிவான நகல் டேங்க் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், பெயின்டின் பளபளப்பை அல்ல.

அளவுகாட்டி பற்றி ஒரு சொல். மிதவை ஏறஏற மின்தடை குறைந்து முள் நகர்கிறது. புதிய டேங்க்கில் தடித்த பெயின்ட் இருந்து, கருவியின் பூமித் தொடர்பு சரியாக அமையாவிட்டால், டேங்க் நிறைந்திருந்தும் முள் காலி என்றே காட்டும். டேங்க்கின் பக்கவாட்டில் இருக்கும் அந்தக் கருவியை மாட்டும்போதே தொடர்பைச் சோதித்துவிட்டால், நிறைந்த டேங்க்கை மறுபடி வடிக்க வேண்டியிருக்காது.

மூடி சிறிய பொருளாகத் தெரியும். ஆனால் வெளியேறும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். 1970களில் அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிகளில், ஆவி வெளியேறிக் காற்றைக் கெடுக்காமல் இருக்கச் செயலூட்டிய கரி நிரப்பிய குடுவை வழியாகவே டேங்க் மூச்சு விட்டது. மூடியில் துளை கிடையாது. அந்த மூடியை, வேறு காற்றுவழி இல்லாத பழைய வகை டேங்க்கில் போட்டால் என்ன ஆகும்? 27 லிட்டர் காற்றுள்ள டேங்க்கிலிருந்து எஞ்சின் மூன்று லிட்டர் குடித்ததும் உள்ளழுத்தம் சுமார் ஏழு சதவீதம் குறையும். கால் சதுர மீட்டர் தகட்டின் மேல் அது சுமார் 180 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். தகடு உள்ளே வளையும், பம்பு திணறும், எஞ்சின் நிற்கும். ஓட்டுநர் இறங்கி மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று புகும், கார் மறுபடி ஓடும், இருபது முப்பது கிலோமீட்டரில் மீண்டும் நிற்கும். பம்பையும் கார்புரேட்டரையும் மாற்றிப் பார்த்தும் தீராத இந்த நோய்க்கு மருந்து சரியான மூடி.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றிச் சாவியைத் திருப்புங்கள். பம்பு முதலில் படபடவென்று அடிக்கும். குழாயில் இருக்கும் காற்றைத் தள்ளும் ஓசை அது. கார்புரேட்டர் கிண்ணங்கள் நிறைந்ததும் ஓசை நின்றுவிட வேண்டும். எஞ்சின் ஓடாமல் இருக்கும்போதும் அது விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பம்புக்கு முன்னால் ஏதோ ஒரு இணைப்பில் காற்று புகுகிறது. கசிவு இல்லை என்று உறுதியான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, ஒவ்வொரு மட்டத்திலும் இணைப்புகளைத் துணியால் ஒற்றிப் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்துக்காகவோ நீண்ட பயணத்துக்காகவோ காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்கு எளிய வழி டேங்க்கை நிரப்பி வைப்பது. எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைத்தால் அதையே போடலாம். காற்று குறைந்தால் ஈரமும் ஆக்ஸிஜனும் குறையும். ஆனால் கழுத்து வரை நிரப்பிவிடக் கூடாது. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 54 லிட்டர், வெயிலில் 20 டிகிரி சூடேறினால் ஒரு லிட்டர் கூடுதலாகும், அது மூடி வழியே வழிந்து புதுப் பெயின்டின் மேல் இறங்கும். இரண்டு லிட்டர் இடம் விட்டு நிரப்பி மூடுங்கள்.